பக்கத்து வீட்டுக் கோப்பிக்கு இருபத்தெட்டு விநாடி

மெல்பேர்னில் எங்கள் பக்கத்து வீட்டு கிரெக், கோப்பிக் கொட்டையைப் பவுன் நிறுப்பதுபோல நிறுத்துத்தான் அரைப்பார். பதினெட்டுக் கிராம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவருடைய சமையலறையில் ஒரு எஸ்பிரெசோ மெசின், பக்கத்தில் கொட்டை அரைக்கிற கிரைண்டர், அதன் கழுத்தில் நம்பர் போட்ட ஒரு வளையம். தூள் பருமனாகப் போனால் கோப்பி விழுந்தடித்து ஓடிவந்து புளிக்குமாம். மாவாகிப் போனால் சொட்டுச் சொட்டாக ஒழுகிக் கசக்குமாம். இருபத்தெட்டு விநாடியில் இறங்க வேண்டும். அதற்காக அந்த வளையத்தை அப்படியும் இப்படியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வாய்க்குள் எண்ணிக்கொண்டு நிற்பார். கேத்தல் தண்ணி கொதித்ததும் தூளை அள்ளிப் போட்டுக் கலக்கிக் குடிக்கிற சித்தாண்டிக் கிராமத்தில் பிறந்த எனக்கு, முதலில் இது பெரிய பகிடியாக இருந்தது.

அம்மா செத்த அன்றோடு அந்தப் பகிடி நின்றுபோனது. அப்போது என் வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை. விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஊர்ச் செத்தவீட்டை போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்காரர் அடுப்பு மூட்டுவதில்லை. அயல் பெண்கள் யாரையும் கேட்காமல் உள்ளே போய், சீனிப் போத்தலைத் தாங்களே தேடி எடுத்து, வந்தவர்களுக்குக் கோப்பி ஊற்றுவார்கள். அக்காவின் கையில் யாரோ ஒரு கிளாசைத் திணிப்பது திரையில் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் கதவு தட்டப்பட்டது. என் அழுகை வேலி தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். கிரெக் ஒரு சின்ன வெள்ளைக் கோப்பையோடு நின்றார். நான் குடித்து முடிக்கும்வரை நின்று, கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். இந்த மனிதருக்கு எப்படி நன்றி செய்யப் போகிறேன் என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவர் திடீரென்று செத்துப்போனார். வந்தவர்கள் பூங்கொத்தும் அட்டையும் கொடுத்துவிட்டு, வரவேற்பறையில் குரலைத் தாழ்த்திக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி மொரீன் நடுவில் இருந்தார். நான் நேரே சமையலறைக்குள் போனேன். அந்த மெசினை இயக்க கிரெக் ஒருதரம் காட்டித் தந்திருந்தார். வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் இருக்க, கோப்பி நூல்போல மெல்ல மெல்ல இறங்கியது. இப்படிப் போனால் எப்போது ஊற்றி முடிப்பது? வளையத்தை நன்றாகத் திருப்பிவிட்டேன். பிறகு கடகடவென்று ஓடியது. முதல் கோப்பையை மொரீனுக்குக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கிரைண்டரைத் திருப்பினாயா?”

“யெஸ், எல்லாருக்கும் கெதியாகக் கொடுக்கலாம்” என்றேன், பாராட்டப் போகிறார் என்று நினைத்து.

“அது செவ்வாய்க்கிழமை அவர் கடைசியாக வைத்தது” என்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. பழைய நம்பர் என்னவென்றுகூட நான் பார்த்து வைத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் வெளியே தலைகாட்டாமல் இருந்தேன். கடைசியில் அக்காவுக்குப் போன் எடுத்து அழுதேன். வயல் வட்டையில் நெல் வெட்டுகிற நாள். மெசின் இரைச்சலுக்குள் நின்று கத்தினாள்.

“செத்தவீட்டில ஆரும் கேட்டுட்டா கா அடுப்படிக்குள்ள போற? நீ போனது பிழையில்ல. மறுகா போகாம ஒளிச்சிருக்கியே, அதுதான் பிழை. போ கா, இப்பவே போ!”

போனேன். மொரீன் அந்த மெசினுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கும்போதே கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு இதைத் தொடவே தெரியாது. எப்போதும் அவர்தான் போட்டுத் தருவார். வா, தேடிப் பார்ப்போம்.”

கிரெக் வாங்கிய பையில் இரண்டு கைப்பிடிக் கொட்டைதான் மிச்சம். நாலு தரத்துக்குத்தான் காணும். அது முடிந்தால் அவருடைய கோப்பி முடிந்தது. முதல் தரம் பதினைந்து விநாடியில் ஓடிவந்து புளித்தது. நுணுக்கமாகத் திருப்பினேன், சொட்டிச் சொட்டிக் கசந்தது. மூன்றாவது இருபத்திரண்டு. கடைசிப் பதினெட்டுக் கிராமை ஒவ்வொரு கொட்டையாகப் போட்டு நிறுத்தேன். மொரீன் இங்கிலீஷில் சத்தமாக எண்ணினார். சரியாக இருபத்தெட்டில் கோப்பை நிறைந்தது.

மொரீன் ஒரு வாய் குடித்தார். “கிட்ட வந்திருக்கிறது” என்றார். அழுதுகொண்டே சிரித்தார். “அவரும் இதைத் தாண்டிப் போனதில்லை. தினமும் இந்த வளையத்தைத் திட்டிக்கொண்டுதான் குடிப்பார்.” பாதியை இன்னொரு சின்ன வெள்ளைக் கோப்பையில் ஊற்றி என்னிடம் நீட்டினார். “உன் அம்மா செத்த அன்று, முதலில் போன் பண்ணிக் கேளுங்கள் என்று சொன்னேன். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று சொல்லிவிட்டு, இதைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.”

இந்த ஊரில் எனக்கும் ஒரு அயல் இருந்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல அந்த அரைக் கோப்பையைக் குடித்து முடிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இப்போது காலையில் நானே போய் அங்கே கோப்பி போடுகிறேன். கதவைத் தட்டுவதில்லை. பை புதிது, நம்பரும் புதிது. மொரீன் சத்தமாக எண்ணுவார். நான் வாய்க்குள் தமிழில் எண்ணுவேன். தமிழில் எண்ண நேரம் கூடப் பிடிக்கிறது. அவர் இருபத்தெட்டு என்று சொல்லி மெசினை நிறுத்தும்போது, நான் இருபத்தைந்தில்தான் நிற்கிறேன். மிச்ச மூன்றையும் எண்ணி முடித்துவிட்டுத்தான் கோப்பையைக் கையில் எடுக்கிறேன்.