குக்கரில் வெந்த ஏர்பிரஷ்

ஞானசுந்தரியின் வலது கையில், மேக்கப் நிறத்தைக் காற்றோடு பீய்ச்சும் ஏர்பிரஷ் இருந்தது. இடது கை கணவனின் பிடரியை அசையாமல் பிடித்திருந்தது. முதலில் பப்பாளிப் பழத்தின் மேல்தான் அடித்துப் பழகினாள். அது உருண்டது. சுவிசேஷமுத்துவின் வழுக்கைத் தலை உருளாது; பேசத்தான் செய்யும்.

"ஏட்டி, டெல்லிக் குளிருல மண்டையில காத்தடிக்கியே, நியாயமா?"

"அசையாம இருங்க. பேஷண்டுக கூட இப்படி ஆட மாட்டாவ."

பொத்தானை அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் நிறம் வரும். நர்ஸாக வருடக்கணக்காக ஊசி போட்ட விரலுக்கு அழுத்தத் தெரிந்தது. கொஞ்சமாக இழுக்கத் தெரியவில்லை. நிறம் ஒரே இடத்தில் திட்டாக விழுந்து, காற்றில் சிலந்திக் கால்களாக நாலாபக்கமும் ஓடியது. துடைத்துவிட்டு மறுபடி அடித்தாள்.

நோயாளிகளைப் புரட்டிப் புரட்டி அவள் இடுப்பு போய்விட்டது. இன்னும் ஒரு வருடம் வேலையில் நீடிக்கிறாயா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். மயூர் விஹாரில் பியூட்டி பார்லர் நடத்தும் வள்ளிக்குக் கல்யாண சீசனில் ஆள் போதவில்லை. சனிக்கிழமை ஒரு மணப்பெண் ஒத்திகை மேக்கப்புக்கு வருகிறாள், அவளுக்குச் சரியாகச் செய்துவிட்டால் வேலை உங்களுக்கு என்று சொல்லி, தன் ஏர்பிரஷையும் அதற்குக் காற்று தரும் கம்ப்ரசரையும் கொடுத்தனுப்பியிருந்தாள். உட்கார்ந்து செய்யும் வேலை. ஞானசுந்தரிக்கு வேண்டியது அந்த நாற்காலிதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கை படிந்தது. நிறம் தோலோடு தோலாக உட்கார்ந்தது. சுவிசேஷமுத்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

"மண்டைக்கு மட்டும் வயசு கொறஞ்சிருக்கு."

சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் அவள் ஏர்பிரஷைக் கழற்றினாள். ஆஸ்பத்திரிக் கை சும்மா இருக்குமா? பாகங்களைக் குக்கரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி விசில் விட்டாள். ஆறிய பிறகு மாட்டிப் பார்த்தாள். நிறம் வெளியே வரவில்லை. நிறம் ஊற்றும் சின்னக் கிண்ணத்துக்குள்ளேயே குமிழ் விட்டது.

வள்ளிக்குப் போன் போட்டு ஒளிக்காமல் சொன்னாள்.

"அக்கா, அது என்ன ஆபரேஷன் கத்தியா? உள்ள ரப்பர் வளையம் இருக்கு அக்கா!"

"அடுத்தவ முகத்துல படுத சாமான். கொதிக்க வைக்காம எப்படித் திருப்பித் தர?"

"பஸ், போதும் விடுங்க. நாளைக்கு நானே பண்ணிக்கறேன். நீங்க வர வேண்டாம்."

அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை. அதே குக்கரைத் தேய்த்துக் கழுவி அரிசி வைத்தாள். படுத்தபோது இடுப்பு, திங்கட்கிழமையை நினைவூட்டியது.

மறுநாள் காலை, கெட்டுப்போனதைத் துண்டில் சுற்றிக்கொண்டு மெட்ரோ ஏறினாள். வள்ளி கதவைத் திறந்தாள், முகம் திறக்கவில்லை.

"வர வேண்டாம்னேனே?"

"கெடுத்த சாமான என் கையாலதான தரணும்."

வள்ளி அதை வாங்கிப் பார்த்தாள். தேய்த்த பித்தளைப் பாத்திரம்போல் பளபளத்தது. பெருமூச்சு விட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள்.

"இது என் பழசு. முதல்ல என் மூஞ்சில அடிங்க. திட்டு விழுந்துச்சு, நேரா வீட்டுக்கு."

ஞானசுந்தரி நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் காற்று. மணிக்கட்டு நகரத் தொடங்கிய பிறகு நிறம். வள்ளியின் ஒரு கன்னம் முடிந்ததும் நிறுத்தினாள். வள்ளி ஜன்னலோரம் போய்க் கண்ணாடியில் அப்படியும் இப்படியும் பார்த்தாள். வாசலில் காத்திருந்த மணப்பெண்ணை, "ஆவோ பேட்டா, பைட்டோ," என்று அழைத்து ஞானசுந்தரியின் எதிரே உட்கார வைத்தாள்.

மேக்கப் முடிந்ததும் அந்தப் பெண் தன்னைத்தானே செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, சிரித்தபடி கிளம்பிப் போனாள்.

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் வள்ளி.

"வரலன்னு."

"அச்சா. ஜல்தி கழுவுங்க அக்கா, அடுத்த பார்ட்டி வருது."

ஞானசுந்தரி ஏர்பிரஷைக் கழற்றினாள். அடுப்பில் டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்து, பச்சைத் தண்ணீரில் கழுவினாள்.