தீப்பொறி முந்தினாலும் வம்பு, பிந்தினாலும் வம்பு

பழைய பெட்ரோல் லோரிக்கு வைத்தியம் பார்க்கிறவனுக்குக் காதுதான் முதல் சாமான். கூலாயில் என் பட்டறைக்கு வரும் லோரிகளில் பாதி என்னைவிட வயதில் மூத்தவை. எஞ்சின் வேகம் பிடிக்கப் பிடிக்க, தீப்பொறியும் கொஞ்சம் முந்திக்கொண்டு விழ வேண்டும். அந்த முந்தலைத்தான் ‘அட்வான்ஸ்’ என்கிறோம். அது அளவுக்கு மிஞ்சினால் மேட்டில் டகடகவென்று தட்டும், குறைந்தால் பாரம் இழுக்காமல் படுத்துவிடும். வீட்டில் இப்படி ஒரு லோரியை வைத்துக்கொண்டு அவதிப்படும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மூன்று தடவை சரி

சிகாமட் பக்கம் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் ஆ ஹெங், அவர் அப்பா ஓட்டிய லோரியைக் கொண்டுவந்தார். மேடு ஏறினால் எஞ்சினுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம். தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டைப் பிடித்து, எஞ்சின் முன்னால் சுற்றும் புல்லியில் உள்ள கோட்டை நேராக்கி, “சரியா இருக்கு, கொண்டு போங்க” என்றேன். மறுவாரம் திரும்பி வந்தார். கோடு நேராகத்தான் இருந்தது, மறுபடியும் “சரி” என்று அனுப்பினேன். மூன்றாவது தடவையும் அதையே பார்த்து அதையே சொன்னேன். நான்காவது தடவை வந்தவர் சாவியை மேசையில் போட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம்தான் அந்தக் கோட்டின் மேலேயே சந்தேகம் வந்தது. முதல் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஐஸ் கோப்பி குடிக்கிற ஸ்ட்ராவை விட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினேன். பிஸ்டன் உச்சிக்கு வந்து ஸ்ட்ரா நின்ற இடம் ஒன்று, கோடு காட்டிய இடம் வேறு. புல்லியின் வெளிவளையத்தைப் பிடித்திருந்த ரப்பர் நைந்துபோய், வளையமே நகர்ந்திருந்தது. புதுக் கோடு போட்டு, டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து, நானும் கூட ஏறி மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தட்டல் இல்லை. இறங்கும்போது ஆ ஹெங் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “நீ மூணு தடவ சரி சொன்னே லா. ஸ்ட்ரா ஒரு தடவதான் சொல்லிச்சி. அடுத்த தடவ நான் ஸ்ட்ராகிட்டதான் கேப்பேன்.”

யார் குடித்தது?

சரசு அக்கா பழைய லோரியில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்கிறவர். ஓட்டம் மந்தம், பெட்ரோல் மட்டும் தண்ணீராய்ப் போகிறது என்றார். தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா இருக்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது, அதற்குள் இருக்கும் ரப்பர் சவ்வுதான் தீப்பொறியை முன்தள்ளும். சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி, அதன் குழாயை வாயில் வைத்து இழுப்பதுதான். நல்ல சவ்வென்றால் நாக்கைக் கவ்விக்கொள்ளும். எனக்குக் காற்று தாராளமாக வந்தது, கிழிசல்தான். நிமிர்ந்து பார்த்தால் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்: “பெட்ரோல லோரிதான் குடிக்குதுன்னு நெனச்சேன் தம்பி. நீங்களா?”

முதல் இரண்டு வரி

கந்தையா ஐயா அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். லோரியோடு அதன் பழைய கையேட்டையும் கொண்டுவந்து, வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். நான் லைட்டைப் பிடித்து அளவு பிசகாமல் வைத்தேன். ஓட்டினால் இழுவையே இல்லை. அந்தச் சவ்வு டப்பாவின் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுத்தான் லைட்டையே தொட வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் மறந்திருக்கிறேன். ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்: “எல்லாம் வடிவாத்தான் செய்தீங்கள் தம்பி. மூண்டாவது வரியிலயிருந்து தொடங்கிப்போட்டீங்கள், அவ்வளவுதான்.”

கோத்தா திங்கி மேட்டில்

ஒரு மழைக்காலத்தில் கோத்தா திங்கியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் ஆற்றில் வெள்ளம் ஏறிவிட்டது. என் பழைய வாடிக்கையாளர் ரஹிம், எல்லாரும் மாமா முறையில் ‘பாக் சிக்’ என்று கூப்பிடும் மலாய்க்காரர், தன் உயரமான லோரியில் கம்பத்து ஆட்களை, அதாவது கிராமத்து ஆட்களை, ஏற்றி மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இறக்கக் கிளம்பியிருந்தார். காலி லோரி ஓடுகிறது, ஆள் ஏறினால் மேடு ஏற மாட்டேன் என்கிறது என்று போன் வந்தது. ஓடினேன். மேட்டடியில் லோரி நிற்கிறது, பின்னால் பதினைந்து பேர் நனைந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள், கம்பத்தில் இன்னும் ஆட்கள் காத்திருக்கிறார்கள். என் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் குறடும்தான்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே சுழலும் ரோட்டரைத் திருகி விட்டேன். ஸ்பிரிங் இழுத்து அது பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. வேகம் ஏறும்போது விரிந்து தீப்பொறியை முந்த வைக்கும் இரண்டு எடைகளும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன. டிஸ்ட்ரிபியூட்டரையே திருப்பி, தீப்பொறியை எப்போதும் முந்த வைத்து ஏற்றிவிடலாம். ஆனால் அடுத்தடுத்த நடையில் வழியில் எஞ்சின் நின்றால் ஸ்டார்ட்டர் உதைத்துக்கொண்டு மறுபடி கிளம்பாது. தண்ணீர் நடுவில் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வம்பு வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

“எண்ணெய் வேணும், யாருகிட்டயாவது இருக்கா?” என்று பின்னால் பார்த்துக் கத்தினேன். கம்பத்தில் துணி தைக்கும் லெச்சுமி அக்கா, மடியில் கட்டிப்பிடித்திருந்த தையல் மெஷினின் பெட்டியைத் திறந்து சின்ன எண்ணெய்க் குப்பியை நீட்டினார். சொட்டுச் சொட்டாக விட்டு, குறடால் மெல்ல ஆட்டினேன். பத்து நிமிஷத்தில் ஒன்று அசைந்தது, அப்புறம் மற்றது. ரோட்டரைத் திருகிவிட்டேன், டக்கென்று திரும்பியது. பாக் சிக் சாவியைத் திருப்பினார். பதினைந்து பேரோடு லோரி முக்காமல் முனகாமல் மேடு ஏறியது. மத்தியானத்துக்குள் கம்பத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து சேர்ந்துவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் லெச்சுமி அக்கா தன் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னது என் காதில் விழுந்தது: “உசுரு போற நேரத்துல மெஷினு எதுக்குன்னு திட்டுனீங்கல்ல? இப்ப வந்து தூக்குங்க.”

எந்தப் பழைய லோரியையும் என்னால் ஓட வைத்துவிட முடியும். அதில் வந்தவர்களிடம் கடைசி வார்த்தை பேசி ஜெயிக்கத்தான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.