புகையிலை டப்பாவும் ஒரு முறம் சாம்பலும்

பேய் இருக்கிறதா என்று துப்புப் பார்க்கிறவர்கள் இப்போது என்னென்னவோ கருவிகளோடு போகிறார்களாம். நான் அந்த வேலையைத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. கையில் இருந்தது ஒரு சிலேட்டும் ஒரு முறம் அடுப்புச் சாம்பலும்தான். இதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

எங்கள் குப்பம் கத்திவாக்கத்தில், உப்பங்கழியை ஒட்டி. அந்த ஐப்பசியில் கடலுக்குப் போன நைனா திரும்பவில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். கட்டுமரம் மட்டும் பழவேற்காட்டுப் பக்கம் ஒதுங்கியது. உடம்பு கிடைக்காதவருக்கு வைக்கோலில் உருவம் செய்து, கரையில் காரியம் முடித்து, பெண்சாதியின் தாலியை இறக்குவது எங்கள் வழக்கம். அம்மா சம்மதிக்கவில்லை. ஏதோ கப்பல்காரர்கள் தூக்கிப்போட்டுக்கொண்டு போயிருப்பார்கள், ரங்கூனிலிருந்து வந்துவிடுவார் என்றாள். தினமும் பொட்டு வைத்துக்கொண்டாள்.

தை மாதம் அந்தச் சத்தம் வந்தது. நைனாவின் துடுப்பு சாத்தியிருந்த மூலையில் அவருடைய தகரப் புகையிலை டப்பாவும் கிடந்தது. சாப்பிட்டதும் அதை இரண்டு தட்டு தட்டித்தான் திறப்பார். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அங்கிருந்து டக், டக் என்று கேட்டது. மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாள் அம்மா அந்த மூலையில் ஒரு கிண்ணத்தில் சோறும் கருவாடும் வைத்தாள். யாருக்கு என்று கேட்டேன். பூனைக்கு என்றாள். எங்களிடம் பூனை கிடையாது. காலையில் சோறு குறைந்திருந்தது. அதிலிருந்து தினமும் வைத்தாள்.

விஷயம் நைனாவின் அண்ணன் காதுக்குப் போயிற்று. பெரியப்பா வந்து வாசலில் நின்றார். அம்மா அவரிடம் நேரே பேசமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்லுவாள், அவரும் என்னைப் பார்த்தே பதில் சொல்லுவார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. என் தம்பி பசியோட வந்து நிக்கிறான். காரியம் பண்ணலன்னா அலைஞ்சிகினே இருப்பான்."

"உசுரோட கீற மன்சனுக்கு இன்னாத்துக்குக் காரியம்னு கேளுடி."

"அப்போ டப்பாவத் தட்றது யாரு? அதயும் கேளு."

அம்மா கதவைச் சாத்தினாள். அமாவாசை வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. செத்தவர்கள்தான் பேயாக வருவார்கள். தட்டுவது நைனா இல்லையென்று காட்டிவிட்டால் நைனா உயிரோடு இருக்கிறார். அம்மாவின் தாலியும் இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஆஜர் போடுவது போல, சத்தம் கேட்ட நாளுக்கெல்லாம் சிலேட்டில் ஒரு கோடு போட்டேன். பெரியப்பா மகள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாடி, பேய்க்கு ஆஜர் போட்டுகினுகீற? வரலன்னா பெஞ்சி மேல நிக்க வெப்பியா?"

ஏழு நாளும் ஏழு கோடு. செத்தவர் வந்து போனால் சாம்பலில் காலடி விழும் என்று குப்பத்தில் சொல்லுவார்கள். எட்டாம் நாள் சாம்பலைச் சலித்து அந்த மூலை முழுக்கப் பரப்பினேன். அம்மா இறால் பிடிக்கக் கழிக்குப் போயிருந்தாள். தண்ணீர் வற்ற நேரமாகி, இருட்டும் வரை திரும்பவில்லை. டக், டக். விளக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

காலடி இல்லை. கிண்ணத்துக்கும் டப்பாவுக்கும் நடுவே, ஊசியால் குத்தியதுபோல இரண்டு வரிசைப் புள்ளிகள். எங்கள் கரை மணலில் நடந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். டப்பாவை நகர்த்தினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு நண்டு, கொடுக்கில் ஒரு பருக்கையோடு. பின்னால் ஓலைச் சுவர் இற்றுப் பொந்தாகிக் கிடந்தது.

கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டு அம்மாவுக்காகக் காத்திருந்தேன். ஈரச் சேலையோடு அவள் உள்ளே நுழைந்ததும் குதித்தேன். "யம்மா, நைனா இல்ல! நண்டும்மா!"

என்னைக் கட்டிக்கொள்வாள், இப்போதே பெரியப்பா வீட்டுக்கு ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூடையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இத்தினி நாளா இதுவா?" என்றாள். கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏண்டி பாத்த?" என்றாள்.

நண்டு பொந்துக்குள் போகவில்லை. டப்பாவுக்குப் பின்னாலேயே போய் ஒண்டிக்கொண்டது. மறுநாளும் தட்டியது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

அமாவாசைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அவளே என்னை அனுப்பினாள். "பெரியப்பாவ வைக்கோல் எடுத்தாரச் சொல்லு."

நான் சிலேட்டைக் காட்டி அழுதேன். "நண்டுதானேம்மா தட்டிச்சி? அப்போ நைனா உசுரோடதானே கீறாரு?"

"ஆமாண்டி கண்ணு. நண்டுதான்," என்று என் தலையைத் தடவினாள்.

கரையில் எல்லாம் முடியும்வரை சிலேட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதில் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு குப்பத்தில் எந்த வீட்டில் சத்தம் கேட்டாலும் என்னைக் கூப்பிட்டார்கள். கூச்சப்பட்டுக்கொண்டே போவேன். பெருச்சாளி, தளர்ந்த ஓலை, காற்றில் ஆடும் கயிறு என்று கண்டுபிடித்தும் சொன்னேன். ஆனால் அந்த முதல் துப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். டப்பா தட்டியதும் அம்மா தினமும் அந்த மூலைப் பக்கம் திரும்பி, "இன்னிக்கி இறாலே இல்ல," "பொண்ணுக்கு இருமல் தேவல," என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பாள். ஏழு நாளும் அதைக் கேட்டேன். அதற்கு ஒரு கோடும் போடவில்லை.