சப்பாத்தை எண்ணிப் போட்ட வாடகை

ஈரச் சப்பாத்தின் மணம்...

ஹீற்றர் சூட்டில் காயும் தோல், ரோட்டுப் பனிக்குப் போடும் உப்பு, உள்ளே அக்கா தாளிக்கும் கறிவேப்பிலை, எல்லாம் கலந்த மணம். தொண்ணூறுகளில், புலம்பெயர்ந்து வந்த டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் அப்பார்ட்மென்ட் கதவைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது அதுதான்.

அக்கா, அத்தான், நான். மூன்றே பேர். லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்றின் கட்டடம். வீட்டில் குடியிருக்கும் பெரியவர்களின் சம்பளத்தைக் கூட்டி, அதில் ஒரு பங்கை வாடகையாகப் போடுவார்கள். நான் எலெக்ட்ரோனிக்ஸ் படித்தவன், எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. உள்ளே போகிற தகவல் சரியென்றால் வெளியே வருகிற விடையும் சரி.

பிழையான தகவல் போனது ஒரு சனிக்கிழமை.

சனிக்கிழமையென்றால் எங்கள் வீடு நிறைய ஆட்கள். ஊர்ப் பெடியள், அத்தானோடு ஃபாக்டரியில் வேலை செய்பவர்கள், அவர்கள் கூட்டிவரும் யாரோ. போன் பண்ணிவிட்டு வருகிற பழக்கமே இல்லை. ஆனால் காலில் சப்பாத்தோடு ஒருவரையும் அக்கா உள்ளே விடமாட்டார். கதவடியில் பழைய பேப்பர் விரித்திருக்கும். அதற்கு மேல் மலை மாதிரிச் சப்பாத்து... மிச்சம் கொரிடோரில்.

கீழ்வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறதென்று கட்டட மனேஜர் டோரீன் அப்போது பார்த்து வந்தார். குழாயைப் பார்க்கவில்லை. சப்பாத்தைப் பார்த்தார்.

திங்கட்கிழமை ஒபிஸுக்குக் கூப்பிட்டார். பதியாத ஆட்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள், அவர்களுடைய சம்பளத்தையும் காட்டுங்கள், இல்லையென்றால் வாடகைச் சலுகை போய்விடும், முழு வாடகை என்றார். அத்தானுக்கு ஷிப்ட் குறைந்திருந்த காலம். முழு வாடகை என்றால் வீட்டை விடவேண்டியதுதான்.

"இனிக் கொஞ்ச நாளைக்கு வரவேண்டாமெண்டு எல்லாருக்கும் சொல்லுவம்" என்றார் அத்தான்.

"வீட்டை வாற சனத்தை வராதையெண்டு என்ர வாயால சொல்லமாட்டன்" என்றார் அக்கா.

அக்கா வேறு வழி கண்டுபிடித்தார். அடுத்த சனிக்கிழமை சப்பாத்தெல்லாம் பாத் டப்புக்குள் போயின.

"என்னக்கா, சப்பாத்துக்கும் முழுக்கோ?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒளிச்சு வைச்சா அவ சொல்லுறது உண்மையெண்டெல்லோ ஆகும்?" என்று கத்திவிட்டு, எல்லாவற்றையும் அள்ளி மறுபடி கதவடியில் போட்டேன்.

வாடகைத் தகராறுகளைக் கேட்க, குடியிருக்கிறவர்களிலிருந்தே ஒரு கமிட்டி இருந்தது. அதன் முன்னால் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நேரடியாகவே சொன்னேன்: சப்பாத்து வந்ததை மட்டும் பார்த்தீர்கள், அது போவதையும் நின்று பாருங்கள்.

வந்தார்கள். டோரீனும் கமிட்டியில் இருவரும், வீடு நிறைய ஆட்கள் இருந்த ஒரு சனிக்கிழமை.

"ஷூஸ், பிளீஸ்" என்றார் அக்கா.

கழற்றினார்கள். கட்லட்டும் தேத்தண்ணியும் வந்தன. உறைப்பில் டோரீனின் மூக்குச் சிவந்தது. ஆனாலும் இன்னொன்று எடுத்தார்.

இருட்டத் தொடங்கியதும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். "வாறன் அக்கா." "அப்ப வாறம் அண்ணை." குனிந்து, தங்கள் சோடியைத் தேடி, போட்டுக்கொண்டு... மலை கரைந்தது. கடைசியில் எங்கள் மூவருடையதும், பார்க்க வந்த மூவருடையதும் மட்டும்.

டோரீன் மிச்சச் சோடிகளை விரலால் எண்ணிவிட்டு, தன்னுடையதைப் போட்டுக்கொண்டார். வாடகை ஏறவில்லை.

இப்போது எனக்கு மார்க்கம் நகரில் சொந்த வீடு. வாசலில் சப்பாத்துக்கென்றே ஒரு தனி அலுமாரி. தட்டுகளை அளந்து நானே அடித்தேன், கதவைத் திறந்தால் லைட் தானாக எரியும். வருகிறவர்கள் முதலில் டெக்ஸ்ட் பண்ணுகிறார்கள். "இந்த மாதம் பிஸி, அடுத்த மாதம் பார்ப்பம்" என்று பதில் போடுகிறவனும் நான்தான்.

அலுமாரியைத் திறக்கிறேன். லைட் எரிகிறது. கீழ்த்தட்டில் என்னுடையதும் மனைவியினுடையதும். மேலே எல்லாம் வெறும் தட்டு... தோலின் மணம்கூட இல்லை.

இன்றைக்கு டோரீன் வந்து எண்ணினால் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்.

ஒன்றாவது கேட்கமாட்டாரா என்று இருக்கிறது.