கொக்கியில் கேத்தல் இல்லை

போன சனிக்கிழமை ஒரு புருஷனையும் பெண்சாதியையும் ஏசித் திட்டி, படகிலிருந்து இறக்கப் போனேன்.

ஏச்சு எனக்கு நன்றாக வரும். வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் லண்டனிலிருந்து பிரதீபன் என்னைப் பிடித்தான். "அன்ரி, நான் சொன்னால் அப்பாவும் அம்மாவும் கேக்கினமில்லை. நீங்கள் ஏசினால் கேப்பினம்."

அவனுடைய அப்பா தேவன், அம்மா மாலினி. நாங்கள் மூன்று பேரும் கொள்ளுப்பிட்டியில் ஒரே கந்தோரில் வேலை பார்த்தவர்கள். தேவனுக்கு அப்போதிருந்தே படகு விசர். பென்ஷன் எடுத்த கையோடு பழைய பாய்மரப் படகொன்றை வாங்கி பொல்கொட ஏரியில் விட்டார். சனி ஞாயிறு போய் வருவார்கள். சரி, ஆசைக்குச் செய்கிறார்கள் என்று விட்டோம்.

போன வருஷம் திடீரென்று வெள்ளவத்தை வீட்டைக் கொடுத்துவிட்டுப் படகிலேயே குடியேறிவிட்டார்கள். ஏன்? கேட்டால், "இங்க நல்ல காத்து" என்றாள் மாலினி. காற்றுக்காக யாராவது வீட்டை விடுவார்களா? பிரதீபனும் அதையேதான் கேட்டான். லிஃப்ட் உள்ள தொடர்மாடி ஒன்றில் அவர்களுக்கு வீடும் பார்த்துவிட்டான். சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு.

எனக்குத் தண்ணீரோடு பெரிய உறவு இல்லை. கடல் என்பது மரீன் டிரைவில் நடக்கும்போது பக்கத்தில் கிடக்கிற ஒன்று. அவ்வளவுதான். சின்ன வள்ளத்தில் என்னை ஏற்றிப் படகுக்குக் கொண்டுபோனபோது, தெரிந்த தெய்வங்கள் எல்லாவற்றையும் கூப்பிட்டேன்.

"வாங்கோ சண்டைக்கார மேடம்" என்று கைகொடுத்துத் தூக்கினார் தேவன்.

படகா அது? எங்கள் குளியலறையே கொஞ்சம் பெரிது. ஃபிரிட்ஜ் இல்லை. ஃபேன் இல்லை. ஒற்றை அடுப்பு, தேத்தண்ணிக்கு ஒரு கேத்தல், மூன்று கோப்பை. குளிக்க வாளி. கக்கூசுக்குக் கையால் பம்ப் அடிக்க வேண்டும்... வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டு படிப்பீர்கள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். இரண்டு தரம் இடித்தது.

ஆனால் பாயை விரித்துத் தேவன் படகை ஓட்டியபோது ஏச வந்ததை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு தானாக அவர் கைக்கு வருவது போல இருந்தது. அப்படி நிம்மதியான முகத்தை வெள்ளவத்தையில் நான் பார்த்து வருஷக்கணக்காகிறது.

இரவுச் சாப்பாட்டில் பழைய மனேஜரின் குடைக் கதையைச் சொன்னார். சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் அதே கதையை மறுபடி சொன்னார். மாலினி மறுபடி சிரித்தாள். வயது போனால் எல்லோரும் அப்படித்தானே என்று நானும் சிரித்துவைத்தேன்.

சாப்பிட்ட வீட்டில் கோப்பை கழுவாமல் எழும்புகிற பழக்கம் நமக்கு இல்லையே. அவர்கள் இரண்டு பேரும் மேலே கயிறு கட்டப் போக, நான் குசினியை ஒதுக்கினேன். கேத்தல் ஏன் கொக்கியில் தொங்குகிறது? தேயிலை ஏன் ஒரு பக்கம், சீனி ஏன் வேறு பக்கம்? நெருப்புப் பெட்டி ஏன் படிக்கட்டில்? எல்லாவற்றையும் கீழ்த் தட்டில் ஒழுங்காக அடுக்கிவைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு அங்கேயே படுத்தேன்.

விடிய முதலில் எழும்பியது தேவன். தேத்தண்ணி போடுவது அங்கே அவருடைய வேலை. பார்க்காமலே கொக்கிக்குக் கையை நீட்டினார். கேத்தல் இல்லை.

நீட்டிய கை அப்படியே நின்றது. படிக்கட்டைத் தடவினார். நெருப்புப் பெட்டியும் இல்லை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டார்.

"குறை நினைக்காதேங்கோ. இது ஆற்ற வீடு?"

தன் படகையே யாருடைய வீடென்று கேட்டுப் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். கண்ணைப் பார்த்தேன். பகிடி இல்லை.

மாலினி வந்தாள். கேத்தலைக் கொக்கியில் மாட்டினாள். சீனியை அந்தப் பக்கம் வைத்தாள். நெருப்புப் பெட்டியைப் படிக்கட்டில் வைத்தாள். தேவனின் கையைப் பிடித்துக் கேத்தலில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பு பற்றியது. தண்ணி கொதித்தது. ஒரு கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"மேடத்துக்குச் சீனி அரைக் கரண்டி. சரியோ?"

சரிதான். கந்தோரில் குடித்த அதே அரைக் கரண்டி.

அவர் மேலே போனபின் மாலினியைப் பிடித்தேன். எவ்வளவு காலமாக? இரண்டு வருஷமாம். ஒருநாள் காலி வீதிக்குப் பாண் வாங்கப் போன மனுஷனைக் கொச்சிக்கடையில்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். கொள்ளுப்பிட்டிக் கந்தோருக்கு எந்த பஸ் என்று கேட்டுக்கொண்டு நின்றாராம். வீட்டில் மூன்று அறை, பத்து அலுமாரி, நூறு சாமான். ஒவ்வொன்றிலும் தடுமாறியிருக்கிறார். இங்கே இருப்பதே கொஞ்சம். எல்லாம் கைக்கெட்டும் தூரம். எல்லாவற்றையும் கை அறியும்.

"தண்ணியில விழுந்தால் என்னடி செய்வாய்?" என்று கத்தினேன்.

மேலே போனால் மிதக்கும் ஜாக்கெட்டைக் கழற்ற விடுவதில்லையாம். படுக்கும்போது இரண்டு பேர் மணிக்கட்டுக்கும் இடையில் ஒரு கயிறாம், விடிந்தபிறகுதான் அவிழ்ப்பாளாம். "எத்தினை நாளைக்கு எண்டு மட்டும் கேக்காதே" என்றாள். "இப்ப அவர் அவராய் இருக்கிறார். எனக்கு அது காணும். வேற ஒண்டும் வேண்டாம்."

பிள்ளைக்கு ஏன் சொல்லவில்லை? அதற்குத்தான் எனக்குக் கோபம் அடங்கவில்லை. சீனி வருத்தம் வந்தால் கல்யாண வீட்டில் நின்று ஊருக்கே சொல்கிறோம். பைபாஸ் செய்தால் தழும்பைக் காட்டாத குறை. மறதி வந்தால் மட்டும் ஏன் கதவைச் சாத்துகிறோம்? சனம் விசர், பைத்தியம் என்று சொல்லுமாம். சொல்லட்டுமே. சனமா அவருக்குச் சோறு கொடுக்கிறது?

நான் கத்தி முடியும்வரை மாலினி கோப்பைகளைக் கழுவினாள். பிறகு, "நீயே அவனுக்குச் சொல்லு. என்னால ஏலாது" என்றாள். இதை எழுதச் சொன்னதும் அவள்தான். பெயர்களை மாத்திரம் மாற்றியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து லண்டனுக்கு ஃபோன் எடுத்தேன். ஒன்றையும் சுற்றி வளைக்காமல் அப்பாவின் மறதியைச் சொன்னேன். அந்தப் புது வீடு வேண்டாம் என்று அறிவி, டிக்கெட்டைப் போடு, வந்து அந்தப் படகில் படு என்றேன். பிரதீபன் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான்.

"அன்ரி... அப்பாவுக்கு என்னைத் தெரியுமா?"

"இப்ப தெரியும். அதுதான் இப்பவே வா எண்டுறன்."