வேட்டியில் ஏறிய பசை

அப்பா தன் வேட்டிக்குத் தானே கஞ்சி போடுவார். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கஞ்சி போடுவதை யாரிடமும் விடவில்லை. ஆவூர் தேர்த் திருவிழாவுக்குக் கட்டும் வேட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

நான் கல்லூரி ஆய்வகத்தில் லித்தியம் பேட்டரிக்குப் பசை தேடிக்கொண்டிருந்தேன். பேட்டரிக்குள் கரித்தூளைச் செம்புத் தகட்டில் ஒட்டி வைக்க ஒரு பசை வேண்டும். வழக்கமான பசையைக் கரைக்கும் திரவம் உடம்புக்கு ஆகாது. புளியங்கொட்டைப் பசைக்குத் தண்ணீரே போதும். ஆனால் மே மாத வெக்கையில் ஒரே நாளில் கெட்டுவிடும். ஆய்வக ஃப்ரிட்ஜ் மண்டையைப் போட்டதால், காய்ச்சி வடித்த பசையை ஊறுகாய் பாட்டிலில் ஊற்றித் திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். திங்கட்கிழமை ஆய்வுக் குழுவின் முன்னால் கரி உதிராத தகடு ஒன்றைக் காட்டினால்தான் ஆய்வு தொடரும். இல்லாவிட்டால் அப்பா ஒரு ஹெட்மாஸ்டரிடம் எனக்காகச் சொல்லி வைத்திருக்கும் பள்ளிக்கூட வேலைதான். என் ஆய்வைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அது எனக்கு வலித்தது.

சனிக்கிழமை காலை பாட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது. கொடியில் வேட்டி பலகைபோல் விறைத்து நின்றது. இந்தத் தடவை கஞ்சி பிரமாதம் என்று அப்பா என்னைப் பாராட்டினார். அது கஞ்சி இல்லை, என் ஆய்வே அதுதான் என்று கத்திவிட்டேன். அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு தேருக்குப் போனார்.

சாயந்திரம், வேர்வையில் நனைந்த வேட்டி காலோடு ஒட்ட, அகட்டி அகட்டி நடந்து வந்தார். சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. மறுபடி பசை காய்ச்ச, வறுத்த புளியங்கொட்டையைத் தோல் நீக்கிக்கொண்டிருந்தேன். அவர் கைலிக்கு மாறி வந்து எதிரில் உட்கார்ந்து, ஒரு கை அள்ளிக்கொண்டார்.

“காஞ்சா வெறைப்பா நிக்குது. வேர்வ பட்டா இளகுது. பேட்டரிக்குள்ள இளகாதா?”

“உள்ள தண்ணியே இருக்காதுப்பா. ஒட்டக் காயவச்சுத்தான் மூடுவோம். அதுல ஊத்துற திரவத்துல இது கரையாது.”

அவர் தலையாட்டினார். அந்த ஒரு கேள்விக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். குனிந்து கொட்டையைப் பார்த்தேன்.

“தேர்ல அந்த ஹெட்மாஸ்டரப் பாத்தேன்” என்றார். “வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டேன்.”

திங்கட்கிழமை இன்னும் வந்திருக்கவில்லை.