அத்தான் சொன்ன ஒரே பொய்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை செங்கோட்டையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். தென்காசியிலிருந்து வந்த எங்கள் பஸ் கம்பெனியின் அடுத்த வண்டி எதிரே நின்றது. அதன் டிரைவர் இறங்கி வந்து, என் தோளில் கிடந்த பையைத் தாமே கழற்றி வாங்கிக்கொண்டார். "ஏறு தம்பி, வீட்டுக்குப் போவோம்" என்றார். என் அக்காள் கோமதியின் கணவர், எங்கள் கம்பெனியின் மூத்த டிரைவர், கீழப்பாவூர் சங்கரபாண்டியன் அவர்கள் காலமாகிவிட்டார்கள். வயது நாற்பத்தொன்றுதான்.

குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்கள் அவரைப் பார்த்திருப்பார்கள். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டுகிற இந்த நாளிலும் வெள்ளைச் சட்டை போட்டு வந்த ஒரே டிரைவர் அவர்தான். மேட்டில் வண்டி நின்றால் பயணிகள் திட்டுவார்கள். "கோவப்படாதீக அண்ணாச்சி, அதுக்கும் வயித்துல கரிதான கிடக்கு" என்று சிரித்து, அவர்களையே இறங்கித் தள்ள வைத்துவிடுவார். அவரிடம் ஆறு வருஷம் கண்டக்டராக இருந்தேன். எனக்கு இடிக்குப் பயம், செக்கருக்குப் பயம், நாய்க்குப் பயம். அவருக்கு எதற்கும் கிடையாது.

இந்த வைகாசிக் கடைசியில் ஒருநாள், இலஞ்சி தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிட்டார். "மாப்ள, ரோடு ரெண்டாத் தெரியுது. இனி நான் ஓட்டக்கூடாது" என்றார். கடைசிப் பயணி வேறு வண்டியில் ஏறும்வரை வெயிலில் நின்றார். மூன்று மாதமாகவே விடியும்போது தலைவலியும் வாந்தியும் இருந்ததாம். யாரிடமும் சொல்லவில்லை.

கரிப்புகை தலைக்கேறிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டினோம். சித்தம் கலங்கியவர்களைக்கூடக் கொண்டுவந்து அருவியில் நிறுத்துகிற ஊர் எங்களுடையது. சாரலும் தொடங்கியிருந்தது. "எண்ணெய் தேச்சுப் பதினோரு நாள் பெரிய அருவியில நின்னா சூடெல்லாம் இறங்கிரும்" என்றாள் அக்காள். அத்தான் மறுக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி எண்ணெய்க்குத் தலையைக் காட்டினார்.

ஐந்தாம் நாள். ஒரு கையால் அருவியடிக் கம்பியைப் பிடித்திருந்தார். மற்றொரு கை என் கையில் இருந்தது. திடீரென்று அது விறைத்து, வெட்டி வெட்டி இழுத்தது. திரும்பிப் பார்த்தேன். கண் செருகி வாய் கோணியிருந்த அந்த முகம் அத்தானுடையதாகவே இல்லை. கையை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன். முன்பின் தெரியாத நாலு பேர்தான் அவரைத் தூக்கி வந்தார்கள். பாறையில் மோதி நெற்றி கிழிந்திருந்தது.

நினைவு திரும்பியதும் அக்காள் கேட்டாள்: "இவன் உங்க கையப் பிடிச்சிருக்கலையா?"

அத்தான் என்னைப் பார்த்துவிட்டு, "பிடிச்சுத்தான் இருந்தான். நான்லா உதறிட்டேன்" என்றார். நானறிந்து அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மதுரைக்குக் கூட்டிப்போனோம். தலைக்குள் புற்றுக்கட்டி வளர்கிறது, கத்தி வைக்க முடியாத இடம் என்று டாக்டர் சொன்னார். அக்காள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அருவியில நிறுத்துனதுனாலயா ஐயா?" அருவியாலும் இல்லை, புகையாலும் இல்லை என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள், நம்பவில்லை.

அதன்பிறகு வீடே பயத்தில் கிடந்தது. அத்தானுக்கு வலது கை செயலற்று விழுந்துவிட்டது. தண்ணீர் கேட்க நினைத்துச் சாவி கேட்பார். ஒரு மத்தியானம், சோறு ஊட்டிய அக்காளிடம், "நீங்க யாரு வீட்டுப் பிள்ள?" என்று மரியாதையாக விசாரித்தார். "உங்க வீட்டுப் பிள்ளதான்" என்று சொல்லி அடுத்த வாயையும் ஊட்டிவிட்டு, அடுக்களைக்கு வந்து என் கையைப் பற்றினாள். அவள் நகம் சதையில் பதிந்தது. அந்த அறைக்குள் போகவே எனக்கு நடுக்கம். போன வாரம், "நீ வண்டிக்குப் போ, நான் பாத்துக்கிடுதேன்" என்று அவள் சொன்னதும், வெட்கமில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். செவ்வாய்க்கிழமை நான் செங்கோட்டையில் இருந்தபோது உயிர் பிரிந்துவிட்டது.

சிற்றாற்றங்கரையில் எல்லாம் முடிந்து திரும்பிய பிறகு அக்காளிடம் போய் உட்கார்ந்தேன். "அக்கா, அன்னைக்கு அருவியில கைய உதறுனது அவுக இல்ல" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்லே. பேச்சு போறதுக்கு முந்தியே சொல்லிட்டாவ. 'மாப்ள பயந்த பய. கடைசியில அவன இங்கன நிறுத்தி வைக்காத, வண்டிக்கு அனுப்பிரு'ன்னாவ. அதான் அனுப்புனேன்."

அவளே தொடர்ந்தாள்: "நீ கையத்தான விட்ட. கூட்டிட்டுப் போய் நிறுத்துனவ நான்லா. ஏலே தம்பி, அந்த டாக்டர் நெசந்தான் சொல்லியிருப்பாரா?"

"நெசந்தான் அக்கா" என்றேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன்.

அத்தான், அக்காள் இனியும் கேட்டுக்கொண்டேதான் இருப்பாள். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுந்து ஓடமாட்டேன். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.